பாடாமல் உட்கார்ந்திருந்த பாப்பாத்தியக்கா

போன வாரம் என் வீட்டுக்காரர் எண்ணெய் ஆட்டலாம் என்று ஒரு பை கொப்பரை வாங்கி வந்தார். வெள்ளை வெளேரென்று, பற்பசை விளம்பரத்தில் சிரிக்கிறவர்களின் பல்லைப் போல இருந்தது. பையின் கட்டை அவிழ்த்ததும் தீக்குச்சி உரசினாற்போல ஒரு வாடை மூக்கில் சுரீரென்று ஏறியது. “வெளுக்கறதுக்குக் கந்தகப் புகை போட்டிருக்கறாங்க, திருப்பிக் குடுத்துட்டு வாங்க” என்றேன். “மோந்து பாத்தே எப்படிச் சொல்றே?” என்று கேட்டார். நான் ஒரு காலத்தில் வேலைக்குப் போனவள் என்பது அவருக்கு அவ்வப்போது மறந்துவிடும். முணுமுணுத்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு போனார். பை போய்விட்டது. வாடை சமையலறையிலேயே நின்றுகொண்டது.

கல்யாணத்துக்கு முன்னால் வெள்ளகோவிலில் ஒரு எண்ணெய் மில்லில் வேலை பார்த்தேன். ஆய்வகம் என்று பெயர். ஒரு மேசை, ஒரு தராசு, நாலைந்து கண்ணாடிக் குடுவைகள், நான். கொப்பரையில் ஈரம் எவ்வளவு, எண்ணெயில் புளிப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். “கெமிஸ்ட் அம்மணி” என்று மில்லில் எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு கொஞ்ச நாள் நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து தினமும் போய்வர முடியாது என்பதால் அங்கேயே ஒரு மாடி அறையில் இருந்தேன். என் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிடக் கூடாது. நாங்கள் பரம்பரையாகக் கிறிஸ்தவர்கள். ஆர்கன் வாசிக்கும் கோயில், மரப் பெஞ்சு, எப்போது எழ வேண்டும் எப்போது உட்கார வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அங்கே நான் அறிந்துவைத்திருந்த கடவுள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரைப் போன்றவர். நல்லவர், சுத்தமானவர், சத்தம் போட்டால் பிடிக்காது. எதையும் கேட்டு அவரைத் தொந்தரவு செய்ததாக எனக்கு நினைவில்லை.

வெள்ளகோவிலில் நடந்துபோகிற தூரத்தில் இருந்தது ஒரு ஜெபவீடு மட்டும்தான். கரூர் ரோட்டோரம் பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்டுத் தரை, அதன்மேல் பவானி ஜமக்காளம். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். பக்கத்திலேயே கொப்பரை உலர்த்துகிற களம். போதகர் நரகத்தைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது ஜன்னல் வழியாகக் கந்தகப் புகை உள்ளே வரும். முதல் ஞாயிறு நான் அதைக் கேட்டுக்கொண்டும் மோந்துகொண்டும் மிரண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என் காதோரம் குனிந்து, “நரகத்துல புகை போடற காண்ட்ராக்ட்ட எங்க களத்து மொதலாளியே எடுத்துட்டாராட்ட இருக்குதுங்கக்கா” என்றாள். நான் சிரித்துவிட்டேன். முன்னாலிருந்து பல தலைகள் திரும்பின. அவள் முகத்தைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு ஜெபம் செய்வதுபோலக் குலுங்கினாள்.

அவள்தான் சுதா. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பாப்பாத்தியக்கா அந்தக் களத்தில்தான் தேங்காய் உடைக்கிற வேலைக்குப் போனார். ஞானஸ்நானம் எடுத்தபோது வேறு பெயர் வைத்தார்களாம். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை, அவருக்கே அது மறந்துபோயிருந்தது. வீட்டுக்காரர் சென்னியப்பன் டிராக்டர் ஓட்டினார். மாரியம்மனைக் கும்பிடுகிறவர். பெண்டாட்டி ஜெபவீட்டுக்குப் போவதைத் தடுக்கவுமில்லை, கூட வரவுமில்லை. “அவ சாமி அவளுக்கு, என்ற சாமி எனக்குங்க” என்பார். அந்த வீட்டில் சண்டை நடந்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் கையைத் தூக்கி ஆராதிக்க வராது. எல்லோரும் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, கண்ணீர் வழிய, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லும்போது நான் கையை இடுப்புயரத்துக்குக் கொண்டுவந்து, தட்டு வாங்கப் போகிறவள் மாதிரி நிற்பேன். பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைப்பேன். பாப்பாத்தியக்கா அப்படியல்ல. தேங்காய் உடைத்துக் காய்த்துப்போன உள்ளங்கைகளை அவர் தட்டினால் தகரத்தில் மழை விழுகிற சத்தம் வரும். அவருடைய குரல் ஆண்கள் பக்கத்தையும் தாண்டிப் போகும். உண்மையான ஆராதனை என்றால் இதுதான், எனக்கு இருப்பது வெறும் பழக்கம் என்று நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

போதகர் தானியேலைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. அப்படி இருந்திருந்தால் இதையெல்லாம் நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். யாரோ ஒருவருடைய பட்டறையில் தறி ஓட்டிக்கொண்டு, குடித்து அழிந்து, ஒரு நாள் திருந்தியவர். வாரத்தில் பாதி நாள் உபவாசம். ஒரே வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போடுவார். அவர் அறிந்த கடவுள் அவருடைய பழைய பட்டறை முதலாளியின் பெரிய வடிவம் என்று எனக்குப் பிற்பாடு தோன்றியது. கோபக்காரர். ஆனால் மனசு குளிர்ந்துவிட்டால் அள்ளிக் கொடுப்பார். அவர் மனசைக் குளிரவைப்பதுதான் ஆராதனை. “சத்தமாத் துதிங்க! உங்க துதி பத்தல! அவரு முகம் திரும்பற வரைக்கும் உடாதீங்க!” என்று தொண்டை கிழியக் கத்துவார். தனக்காக அவர் எதையும் கேட்டதில்லை. அங்கே வந்த ஏழை பாழைகளுக்காகத்தான் அந்தக் கத்தல் எல்லாம்.

சுதாவுக்கு நெஞ்சில் கோளாறு இருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதய வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கும். என் மாடி அறைக்கு வரும்போதெல்லாம் நடுப்படியில் உட்கார்ந்து, “அக்கா, ஒரு ஸ்டேஷன் நின்னு போறேன்” என்பாள். கோயம்புத்தூரில் பெரிய டாக்டர் பார்த்து, ஆபரேஷன் செய்தால் நன்றாக இருப்பாள், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லி, அட்மிட் ஆக வேண்டிய தேதியும் கொடுத்திருந்தார். அவளுக்குப் பயம் ஒன்றும் தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்து கோயம்புத்தூரிலேயே காலேஜ் சேர வேண்டும், ஹாஸ்டலில் நகப்பூச்சு போட விடுவார்களா என்று என்னிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மட்டும், நகத்துக்குச் சிவப்பு தீட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

“ஏனுங்கக்கா, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கறது ஆண்டவருக்குக் கேக்குமாங்க?”

“கேக்கும்.”

“இவிக போடற சத்தத்துலயுங்களா?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வாரத்துக்கு முந்தின ஞாயிறு. ஆராதனை உச்சத்தில் இருந்தது. டோலக்கும் டம்பரினும் கூரையை அதிரவைத்தன. போதகர் சுதாவை முன்னால் வரச்சொல்லி அவள் தலைமேல் கை வைத்தார். வெகுநேரம் ஜெபித்தார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. திடீரென்று நிமிர்ந்து, “கர்த்தர் தொட்டுட்டாரு! எங்கிட்டச் சொல்லிட்டாரு! இந்தப் புள்ள மேல கத்தி படாது!” என்றார். சபை முழுவதும் அல்லேலூயா என்று அலறியது. பாப்பாத்தியக்கா அப்படியே தரையில் விழுந்து அழுதார்.

அந்த வாரம் அவர்கள் வீட்டில் நான் இருந்தேன். சென்னியப்பன் வாசலில் நின்றபடி, “அந்த டாக்டரும் சாமி அனுப்புன ஆள்தானாட்ட இருக்குது, போய்ட்டு வந்தரலாம் பாப்பாத்தி” என்று கெஞ்சினார். நானும் சொன்னேன், போதகரிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “படிச்சவங்களுக்கு விசுவாசம் கஷ்டம்மா” என்றார். பாப்பாத்தியக்கா ஒரே சொல்லாக நின்றார். “ஆண்டவர் சொன்னதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனா அவர நம்பலீன்னு ஆகிப்போகுமுங்க. அவரு கோவிச்சுக்கிட்டார்னா?” சென்னியப்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போய் மகளுக்காக ஒரு வேண்டுதல் வைத்துவிட்டு வந்தார். தேதி போய்விட்டது.

நம்ப மாட்டீர்கள், கொஞ்ச நாள் அவள் நன்றாகவே இருந்தாள். என் படியில் ‘ஸ்டேஷன்’ நிற்காமல்கூட ஒரு தடவை ஏறி வந்தாள். சபையில் அவளைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். “நல்லா இருக்கறேனுங்க” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்கும் கை தட்டினார்கள்.

ஒரு காலை வேளையில் மில்லுக்கு ஆள் வந்தது. சுதா தண்ணீர்க் குடத்தோடு வாசலில் உட்கார்ந்தவள் எழவில்லை, உதடு நீலம் பாய்ந்துவிட்டது என்றார்கள். மில் வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். பெருந்துறைப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று கிளம்பினோம். சென்னியப்பன் டிரைவர் பக்கத்தில். பின்னால் பாப்பாத்தியக்கா மடியில் அவள் தலை, என் மடியில் அவள் கால்கள். நகத்தில் பூச்சு பாதி உரிந்திருந்தது. பாப்பாத்தியக்கா நிறுத்தவேயில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முழுக் குரலில். ஆண்டவருடைய முகம் திரும்புகிற வரை விடக்கூடாது என்று கற்றுக்கொடுத்திருந்தார்களே. வேனுக்குள் வேறு எதுவும் கேட்கவில்லை. சுதா உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள். நான் குனிந்தேன். அவள் கையைத் தூக்கி அம்மாவின் வாயில் வைத்தாள்.

“அம்மா... செத்த நேரம் பேசாம இரும்மா.”

பாப்பாத்தியக்கா நிறுத்தினார். வேன் ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது. சுதா ஜன்னலைப் பார்த்தாள். சென்னிமலை வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஒறம்பரைகள், சொந்தபந்தமெல்லாம், போதகரை வீட்டு வாசலில் ஏற விடவில்லை. அவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வெயிலில் நின்றார். சுதாவை எடுத்துக்கொண்டு போகும்போது கூட்டத்துக்கு வெகு பின்னால் நடந்து வந்தார். ஒருவன் மண்ணாங்கட்டியை எடுத்து அவர்மேல் எறிந்தான். சென்னியப்பன்தான் திரும்பி அவனை அடக்கினார்.

அடுத்த ஞாயிறு நான் ஜெபவீட்டுக்குப் போனதே போதகர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கத்தான். அவர் வழக்கம்போலவே பிரசங்கித்தார். ஒரு வீட்டில் பாதி விசுவாசம் இருந்தால் பாதி ஆசீர்வாதம்கூட வராது என்றார். வேறு சாமிக்கு வைத்த வேண்டுதல் கர்த்தருடைய கையைக் கட்டிப்போட்டுவிடும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போகலாம் என்று திரும்பியபோதுதான் பார்த்தேன், பாப்பாத்தியக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே வந்து, பெண்கள் பக்கம் முன்னால், எப்போதும் உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தார்.

அன்று மட்டுமல்ல, அதற்கடுத்த ஞாயிறுகளிலும் வந்தார். பாடவில்லை. கை தட்டவில்லை. எல்லோரும் எழுந்தால் அவர் எழவில்லை, கண்ணை மூடச் சொன்னால் மூடவில்லை. சுவரில் அடித்திருந்த மரச் சிலுவையையே பார்த்துக்கொண்டு, கைகளை மடியில் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய குரல் இல்லாமல் பாட்டு வேறு மாதிரி, கூரைக்கும் தரைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு நின்றது. போதகரின் குரலும் அவர் பக்கம் வரும்போது தடுக்கியது. பெண்களுக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. பாப்பாத்தியக்கா மனசைக் கல்லாக்கிக்கொண்டார், அவர் இருக்கிற வரைக்கும் ஆவி இறங்காது, பின்னால் போய் உட்காரச் சொல்ல வேண்டும் என்று.

ஒரு நாள் ஆராதனை முடிந்ததும் போதகர் அவரிடம் வந்தார். நான் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, நீங்க துதிக்க மாட்டீங்கறீங்கன்னு சபையில வெசனப்படறாங்க.”

“அவ கடைசியா எங்கிட்டச் சொன்னதே பேசாம இரும்மான்னுதானுங்க. அப்பறம் எப்படிங்க நான் சத்தம் போடறது?”

போதகருக்கு அது தெரியாது. வேனில் நடந்ததை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

“அப்பறம் எதுக்குக்கா வர்றீங்க?”

“சாமிகூட இருக்கலாம்னு வாரேனுங்க. சண்டை போடலாம்னுதான் வந்தேன், வார்த்தை வரலீங்க. சும்மா உக்காந்திருக்கறேன். அவரும் சும்மாதான் இருக்கறாரு.” பிறகு அவரை நேராகப் பார்த்து, “எங்க ஊட்டுக்காரரு சாமிகிட்ட வேண்டிக்கிட்டதுல என்னங்க தப்பு? புள்ள பொழைக்கோணும்னு கேட்டாரு. அதுக்கா ஆண்டவரு கோவிச்சுக்கிட்டாரு? அந்தமாரி ஆளுங்களா அவரு?” என்று கேட்டார்.

கேள்வி ஏளனமாக இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார். போதகர் பைபிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் உபவாசம் இருந்து கன்னம் ஒட்டிப்போய் வந்தார். பாட்டு ஆரம்பிக்க டோலக்குக்காரர் தட்டத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். ஸ்தோத்திரம் என்று ஒரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை வரவில்லை. பிறகு மேடையிலிருந்து இறங்கி, பெண்கள் பக்கம் நடந்து வந்து, பாப்பாத்தியக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“கர்த்தர் சொன்னாருன்னு சொன்னேன். அவரு சொல்லலீங்க. புள்ள பொழைக்கோணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. என்ற ஆசைய அவரு வாயில வெச்சுப் பேசிப்போட்டேன். அப்பறம் தப்பையும் உங்க ஊட்டு மேல போட்டேன்.”

பாப்பாத்தியக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மன்னித்தேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தோம் என்று நினைக்கிறேன். கிறிஸ்தவர்களுக்கு அந்த எதிர்பார்ப்பு சீக்கிரம் வந்துவிடும்.

“செரிங்க” என்றார் அவர். “அவ போயிட்டாளுங்களே.”

அவ்வளவுதான். அவர் அழுதார். போதகரும் அழுதார். தனித்தனியாக, ஒருவரை ஒருவர் தேற்றாமல். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. யாரும் பாடவில்லை, யாரும் பிரசங்கிக்கவில்லை. பக்கத்துக் களத்தில் மண்வெட்டியால் தேங்காய்ப் பருப்பைத் திருப்பிப்போடுகிற சத்தம் கேட்டது. என் தலைமையாசிரியர் அங்கே இல்லை. போதகருடைய முதலாளியும் இல்லை. ஆனால் யாரோ இருந்தார். எங்களுடைய புகழ்ச்சி எதுவும் தேவைப்படாத ஒருவர், எங்களைத் தேற்றவும் அவசரப்படாதவர். இதை இதற்குமேல் விளக்க எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு என் கை தானாக எழுந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். எழவில்லை. அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு சபை கரைந்தது. போதகர் வாயாலேயே ஆண்டவர் சொல்லவில்லை என்று கேட்டபின் அங்கே எதற்கு வருவார்கள்? காங்கேயத்தில் சத்தமான வேறொரு கூட்டத்துக்குப் பாதிப் பேர் போனார்கள். மிச்சம் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். போதகர் மறுபடியும் தறிக்குப் போனார். சீக்கு என்று யாராவது வந்தால், “ஆண்டவரே, இவங்களுக்கு வலிக்குது” என்று சொல்லி ஜெபித்துவிட்டு, அவர்களோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நிற்பார். பாப்பாத்தியக்கா கடைசிவரை வந்தார், கடைசிவரை பாடவில்லை. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி நான் ஊரைவிட்டு வந்தேன்.

பல வருஷம் கழித்து ஒரு சாவுக்காக அந்தப் பக்கம் போனபோது அவரைப் பார்த்தேன். சென்னியப்பன் அதற்கு முன்பே இறந்திருந்தார். பாப்பாத்தியக்காவுக்கு முதுகு வளைந்து, பார்வையும் குறைந்திருந்தது. “கெமிஸ்ட் அம்மணியா?” என்று குரலை வைத்துக் கண்டுபிடித்தார். போதகர் பவானியில் சொந்தக்காரர் வீட்டில் கிடந்து செத்துப்போனதாகவும், தான் பஸ் பிடித்துப் போய்வந்ததாகவும் சொன்னார்.

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். “அவர மன்னிச்சிட்டீங்களாக்கா?”

“இல்லீங்க.” யோசிக்காமல் சொன்னார். “அத அவருகிட்ட, மேல உட்டுப்போட்டேன். என்னால ஆகலீங்க. ஆனா அவிக ஊட்டுல ஆளே இல்லீன்னு சொன்னாங்க. மண்ணுப் போடறதுக்கு ஆள் வேணுமில்லீங்களா? அதான் போனேன்.”

இப்போது அவரும் இல்லை. கரூர் ரோட்டை அகலப்படுத்தியபோது கிடங்கு போயிற்று. கோயம்புத்தூரில் எங்கள் கோயிலிலேயே இப்போது திரை வைத்து, பாட்டு வரிகளை ஓடவிட்டு, மேடையில் ஒரு தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு, சும்மா உட்காராதீங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க என்கிறான். நல்ல பையன்தான். நானும் முழங்கால் வலியோடு எழுந்து நிற்கிறேன்.

இத்தனையும் எழுதிவிட்டுத் திரும்பிப் படித்துப் பார்த்தேன். போதகர் நிறைய இருக்கிறார், பாப்பாத்தியக்கா இருக்கிறார், நான் வேண்டிய அளவுக்குமேல் இருக்கிறேன். அந்தப் பெண் கொஞ்சம்தான் இருக்கிறாள். அன்றைக்கும் அப்படித்தான். அவளை வைத்து ஆண்டவர் எப்படிப்பட்டவர் என்று ஆளுக்கொன்று நிரூபித்துக்கொண்டிருந்தோம். அவள் படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்தது இருந்தது, சென்னியப்பனோடு வைத்துப் புதைத்துவிட்டார்களாம். ஜெபிக்கிற நேரத்தில் சில நாள் அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். குரல் வருகிறது, விரல்கள் வருகின்றன. முகம் வருவதில்லை.